மரத்தடியில் கூடிய சட்டமன்றம்



சட்டமன்ற உறுப்பினர் என்ற வார்த்தையைக் கேட்டால் நம் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? திருவிழாவுக்கு வந்து, மாலை வாங்கிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, கோயில் நிதிக்கு இத்தனை வெள்ளி என்று அறிவித்துவிட்டுப் போகும் ஒருவர். அல்லது பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாளக் கார்டு சிவப்பிலேயே கிடக்கிறது என்று அலையும்போது, "ஒய்.பி.கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடு" என்று நாலு பேர் சொல்லி அனுப்பும் ஒருவர். அதற்குமேல் அவருக்கு என்ன வேலை? ஈப்போவில் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து அவர் என்னதான் செய்கிறார்? நாமும் கேட்பதில்லை, யாரும் வந்து சொல்வதும் இல்லை.

இந்த வாரம் அதைப் பேசுவோம். பொதுவாகப் பேசினால் மண்டையில் ஏறாது. ஆகவே ஒரே ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்வோம். பேராக்கில் துரோனோ தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக 2008 முதல் 2013 வரை இருந்தவர், ஜனநாயக செயல் கட்சியைச் சேர்ந்த வி. சிவகுமார். ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்தில் ஓராண்டுக்குச் சற்று அதிகமாக அவர் சபாநாயகர். நம் நாட்டில் ஒரு சட்டமன்றத்துக்குச் சபாநாயகரான முதல் இந்தியர் அவர்தான். அந்த நாற்காலியிலிருந்து போலீஸ்காரர்கள் இழுத்து வெளியே கொண்டுபோன சபாநாயகரும் அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததில் நமக்கும் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு.

சம்பளம் அங்கே, நிலம் இங்கே

தோட்டத் தொழிலாளிக்கு வயிற்றுப்பாடு கோலாலம்பூரில் முடிவாகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளி என்று தொடங்கி, 2022இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. இதெல்லாம் மத்திய அரசாங்கத்தின் காரியம். வேலை நீக்க நஷ்ட ஈடும் அப்படித்தான். ஐந்து வருஷத்துக்குமேல் வேலை செய்த ஆளை நிறுத்தினால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு விதிமுறை. அதுவும் மத்திய அரசாங்கத்து விதிமுறைதான்.

ஆனால் நிலம்? நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்து நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற வேண்டுமா, மாநில அரசாங்கம் சரி சொல்ல வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைக் கைமாற்ற வேண்டுமா, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கோயில் நிற்கிற நிலம், தமிழ்ப்பள்ளி நிற்கிற நிலம், சுடுகாடு, நாம் குடியிருக்கிற லயத்து நிலம் எல்லாம் கடைசியில் மந்திரி பெசாரும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் உட்காரும் மேசைக்குத்தான் போய்ச் சேருகிறது.

ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தது எதற்காக? நிலம் கைவிட்டுப் போனால் ஆளும் போய்விடுவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மங்கும் வாளியும் காண்டாவும் இருந்த கையில் நீளக் கம்பும் அரிவாளும் வந்தன. பிறகு செம்பனைக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நம் ஆட்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் பத்து காஜாவுக்கும் வந்து வாடகை வீட்டில் குடியேறினார்கள். பெரட்டுக்கு நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஓட்டு மட்டும் நம்மோடேயே வந்தது.

ஆனால் அந்த ஓட்டுக்கு ஒரு குறை. நாடு முழுக்கத் தேடினாலும் இந்தியர்களே பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்று கிடையாது. நம் ஓட்டு தனியாக நின்று ஜெயிக்காது. இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்தால்தான் அதற்கு எடை. துரோனோவும் அப்படித்தான். பழைய ஈய லம்பத்து ஊர், சீன வாக்காளர்கள் அதிகம். அங்கே சிவகுமார் நின்றார், ஜெயித்தார்.

முப்பத்தொன்றும் இருபத்தெட்டும்

2008 மார்ச் 8 தேர்தலை நம்மில் யார் மறந்தார்கள்? அதற்கு நாலு மாதத்துக்கு முன்னே, 2007 நவம்பர் 25ஆம் தேதி, கோலாலம்பூர் வீதியில் இண்ட்ராப் பேரணி. கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அடித்தது ஓட்டுப் பெட்டிக்குள் வந்து நின்றது. சுங்கை சிப்புட்டில் 1974இலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். பேராக் சட்டமன்றத்தில் மொத்தம் 59 இடம். ஜ.செ.க. 18, மக்கள் நீதிக் கட்சி 7, பாஸ் 6. கூட்டினால் 31. தேசிய முன்னணிக்கு 28. அதில் அம்னோ 27, ம.சீ.ச. 1. ம.இ.கா.வுக்கு ஒன்றுகூட இல்லை!

பேராக்கில் எதிர்க்கட்சிகள் ஆட்சியைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இதற்குமுன் நெருங்கி வந்தது 1969இல். அப்போது சபையில் 40 இடம், கூட்டணிக் கட்சிக்குக் கிடைத்தது 19தான். ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்த மக்கள் முற்போக்குக் கட்சி 12 இடம் பிடித்தது. அண்ணன் தம்பி இருவரும் வழக்கறிஞர்கள். தம்பி டி.ஆர். சீனிவாசகம் அந்தத் தேர்தலுக்குச் சில வாரத்துக்கு முன்னேதான் கண்ணை மூடினார். பிறகு மே 13 கலவரம், அவசரகாலம், நாடாளுமன்றமே நிறுத்தி வைக்கப்பட்ட காலம். 1972இல் அதே முற்போக்குக் கட்சி, எதிர்த்து நின்ற கூட்டணியோடேயே மாநில ஆட்சியில் சேர்ந்துகொண்டது. ஈப்போவில் டி.ஆர். பேரில் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், அவர் யார் என்று சொல்வதில்லை. அது வேறு கதை, இன்னொரு வாரம் எழுதுவோம்.

2008க்கு வருவோம். 18 பேர் இருக்கிற கட்சிக்கு மந்திரி பெசார் பதவி கிடைக்கவில்லை. மந்திரி பெசார் மலாய்க்காரராக, முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பது பேராக் அரசமைப்புச் சட்டம். அதைத் தளர்த்தும் அதிகாரம் சுல்தானுக்கு மட்டும்தான். ஆக, 6 பேர் இருந்த பாஸ் கட்சியின் நிஸார் ஜமாலுடின் மார்ச் 17இல் பதவியேற்றார். முதலில் ஜ.செ.க. தலைமை முறைத்தது, பிறகு இறங்கி வந்தது. ஏப்ரலில் சபை கூடியபோது சபாநாயகர் நாற்காலி ஜ.செ.க.வுக்கு வந்தது. நாற்பது வயதை எட்டாத சிவகுமார் அங்கி மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். துணைச் சபாநாயகர் அதே கட்சியின் ஜெலாப்பாங் உறுப்பினர் ஹீ யிட் ஃபூங். துரோனோவும் ஜெலாப்பாங்கும் ஒரே பத்து காஜா நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியவை. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்துப் பதினோரு மாத ஆட்சி தோட்டத்து ஆட்களுக்கு என்ன செய்தது? நியாயமாகச் சொல்ல வேண்டும். புதுக்கிராமங்களிலும் திட்டமிட்ட கிராமங்களிலும் உள்ள மனைகளுக்கு 999 ஆண்டுக் குத்தகைப் பட்டா கொடுக்கிறோம் என்றார்கள். நாடு முழுக்க அது பேச்சாக இருந்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் லயத்து வீட்டில் இருக்கிறவனுக்கு? குத்தகையை நீட்டிக்க வேண்டுமென்றால் முதலில் குத்தகை என்று ஒன்று இருக்க வேண்டுமே! நமக்கு ஐந்து தலைமுறையாக இருப்பது கம்பெனி வீடு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. பட்டா வரிசையில் நிற்க நம்மிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1,000 ஹெக்டர் நிலம் என்று அந்த ஆட்சி அறிவித்தது. பின்னால் வந்த தேசிய முன்னணி ஆட்சி தமிழ்ப்பள்ளிகளுக்காக 2,000 ஏக்கர் ஒதுக்கியது. இரண்டு தரப்பும் கையை விரித்துக் கொடுத்ததற்குக் காரணம் என்ன? சபையில் மூன்று ஆள் வித்தியாசத்தில் ஆட்சி தொங்கிக்கொண்டிருந்ததுதான். எண்ணிக்கை இறுகும்போதுதான் சின்னக் கூட்டத்தின் சத்தம் மேலே கேட்கிறது. இதைத் தொழிற்சங்கக்காரன் புரிந்துகொள்ள வேண்டும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

2009 ஜனவரி 25. போத்தா தொகுதியின் அம்னோ உறுப்பினர் நசாருடின் ஹஷிம் மக்கள் நீதிக் கட்சிக்கு மாறினார். இந்தப் பக்கம் வெடி கொளுத்தாத குறை. ஆனால் பத்தே நாளில் மனிதர் திரும்பி அம்னோவுக்கே போய்விட்டார். போகும்போது காற்றும் திசை மாறியது. மக்கள் நீதிக் கட்சியின் பேராங், சங்காட் ஜெரிங் உறுப்பினர்கள் இருவரும், ஜ.செ.க.வின் துணைச் சபாநாயகர் ஹீயும் கட்சியை விட்டு விலகி, சுயேச்சையாக நின்று தேசிய முன்னணியை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். 31 இப்போது 28. எதிரே 28, அதோடு இந்த மூன்று.

இங்கேதான் சபாநாயகரின் வேலை வருகிறது. மக்கள் நீதிக் கட்சியின் இரண்டு உறுப்பினர்களும் தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராஜினாமாக் கடிதங்கள் அவரிடம் வந்தன. அந்த இரண்டு இடமும் காலி என்று சிவகுமார் அறிவித்தார். ஹீயின் இடத்தையும் அப்படியே அறிவித்தார். இடைத்தேர்தல் நடத்த வேண்டிய தேர்தல் ஆணையமோ, இடம் காலியாகவில்லை, தேர்தல் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஏப்ரல் மாதம் கூட்டரசு நீதிமன்றமும், இடம் காலியா இல்லையா என்று முடிவு செய்வது ஆணையத்தின் பொறுப்பு என்றே தீர்ப்பளித்தது.

இந்தக் கடிதச் சமாசாரத்தில் நமக்கு ஒரு கருத்து உண்டு. தாவினவன்மேல் நமக்குக் கோபம் இல்லாமல் இல்லை. கட்சிச் சின்னத்தைக் காட்டி ஓட்டு வாங்கிவிட்டு, ஓட்டுப் போட்டவனைக் கேட்காமல் இன்னொரு பக்கம் போய் உட்காருவது, மாசம் முழுக்கப் பால் எடுத்துவிட்டுச் சம்பள நாளன்று துண்டை உதறிக் காட்டுவது மாதிரி. ஆனால் வெற்றுத் தாளில் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் யாருடையது? நமக்குத் தெரியாதா! வேலைக்குச் சேரும் அன்றைக்கே, "இங்க ஒரு கையெழுத்துப் போடு, சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று கிராணி நீட்டுகிற தாள் அது. ஆளை வேண்டாமென்றால் தேதியைப் போட்டு எடுப்பார்கள், "நீதான் வேலையை விட்டுட்டே" என்பார்கள். அந்தத் தாளை எதிர்த்துத் தொழில் உறவு இலாகாவில் வாதாடுகிற நாம், நமக்குப் பிடித்த கட்சி அதே தாளை வைத்திருந்தால் மட்டும் கைதட்ட முடியுமா? சரவாக்கில் எழுந்த ஒரு வழக்கில் இப்படிப்பட்ட முன்கூட்டிய ராஜினாமாக் கடிதம் செல்லாது என்று எண்பதுகளின் தொடக்கத்திலேயே நம் நாட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. தாவலைத் தடுக்கக் கிளந்தான் மாநிலம் சட்டமே போட்டுப் பார்த்தது; சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சட்டம் கைகொடுக்காத இடத்தில் கட்சிகள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டன. சபாநாயகர் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 4இல் நிஸார் சபையைக் கலைத்துத் தேர்தல் வைக்க அனுமதி கேட்டார். மறுநாள் சுல்தான் அஸ்லான் ஷா அதற்கு இணங்கவில்லை. பிப்ரவரி 6இல் அம்னோவின் ஜம்ரி அப்துல் காதிர் கோலகங்சாரில் மந்திரி பெசாராகப் பதவியேற்றார். ஒரு மாநிலத்துக்கு இரண்டு மந்திரி பெசார்! தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்து வாங்கப் போனவர்கள்கூட, "எந்த கவர்மெண்டு இப்ப?" என்று கேட்டுச் சிரித்த காலம் அது.

சிவகுமார் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரி 18இல் சபையின் உரிமைக் குழுவைக் கூட்டி ஜம்ரியைப் 18 மாதத்துக்கும், அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர் ஆறு பேரை 12 மாதத்துக்கும் சபையிலிருந்து நீக்கி வைத்தார். அது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஏப்ரலில் சொன்னது. வழக்குமேல் வழக்கு. தனக்குப் பிடித்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாமா, மாநிலச் சட்ட ஆலோசகரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதற்கே சபாநாயகர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

தூங்குமூஞ்சி மரம்

மார்ச் 3. சபாநாயகர் சபையைக் கூட்டியிருக்கிறார். மாநிலச் செயலகக் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வாசல் பூட்டு, போலீஸ் காவல். பக்கத்தில் ஒரு பெரிய மரம். மலாய்க்காரர்கள் மழைமரம் என்றும், சாயங்காலம் இலை மடிவதால் ஐந்து மணி மரம் என்றும் சொல்வார்கள். தமிழில் அதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பேர். அன்றைக்கு அது தூங்கவில்லை.

அங்கி போட்ட சபாநாயகர் அந்த மரத்தடியில் நின்று சபையை நடத்தினார். அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் 27 பேர் கூடியிருந்தார்கள். நிஸாரே மந்திரி பெசார் என்றும், சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அன்றே ஈப்போ உயர் நீதிமன்றத்தில் சிவகுமாருக்கு எதிராகத் தடை உத்தரவும் வாங்கிவிட்டார்கள்.

படித்தவர்கள் சிலர் இதைக் கூத்து என்றார்கள். சட்டப்படி அந்தக் கூட்டம் செல்லுமா என்று கேட்டால் செல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாம் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தோட்டத்து மன்றத்தைச் சங்கக் கூட்டத்துக்குத் திறந்துவிட மாட்டேன் என்று நிர்வாகம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட நாட்களில், கோயில் மரத்தடியில் அரிக்கேன் விளக்கு வைத்துக் கூட்டம் போட்ட பரம்பரை நாம். ஆயாக் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து கமிட்டி எடுத்திருக்கிறோம். மண்டபத்தின் சாவி வேறொருவன் கையில் இருந்தால் ஆட்கள் மரத்தடிக்குத்தான் போவார்கள். ஒரு மாநிலத்தின் சபாநாயகருக்கே அந்த நிலைமை வந்ததுதான் நமக்கு ஆச்சரியம்.

ஏப்ரல் 7இல் புக்கிட் கந்தாங் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிஸார் ஜெயித்தார். ஜனங்களின் மனசு எங்கே இருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் சபைக்குள் எண்ணிக்கை மாறவில்லை.

மே 7. இந்தத் தடவை சபை கட்டடத்துக்குள்தான் கூடியது. வெளியே கறுப்புச் சட்டை போட்டவர்களையும் எதிர்க்கட்சிக்காரர்களையும் போலீஸ் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே சிவகுமார் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். ஜம்ரியையும் மற்றவர்களையும் வெளியே போகச் சொன்னார், அவர்கள் போகவில்லை. துணைச் சபாநாயகர் ஹீயை வைத்துக்கொண்டு தேசிய முன்னணி உறுப்பினர்கள் இவரை நீக்கித் தீர்மானம் போட்டு, இன்னொரு சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் யார்? ம.இ.கா.வைச் சேர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஆர். கணேசன். சபையில் உறுப்பினராக இல்லாதவரும் சபாநாயகராகலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, ஒரு நாற்காலி, இரண்டு சபாநாயகர், இருவரும் நம்மவர்!

இதைப் பற்றி அன்றைக்கு நம் ஆட்கள் பேசிக்கொண்டதை அப்படியே எழுதினால் பத்திரிகை அச்சாகாது. எத்தனையோ வருஷமாக ஓர் இந்தியனுக்குக் கிடைக்காத நாற்காலி, கிடைத்த ஓராண்டிலேயே இரண்டு இந்தியரை எதிரெதிரே நிறுத்திவிட்டதே என்று வயிறெரிந்தவர்கள் உண்டு. "எப்படியோ, யாரு உக்காந்தாலும் நம்ம ஆளுதானே" என்றவர்களும் உண்டு. இந்த இரண்டாவது பேச்சு நமக்குக் கொஞ்சமும் பிடிக்காது. தொரை மாறினாலும் மண்டோர் நம்ம ஆள் என்று ஆறுதல் பட்டுக்கொண்ட காலம் போதாதா?

கடைசியில் போலீஸ்காரர்கள் சபைக்குள் நுழைந்து சிவகுமாரை நாற்காலியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுபோய் ஓர் அறையில் வைத்தார்கள். சபையைத் தொடக்கி வைக்கக் காலையிலேயே வந்திருந்த ராஜா நஸ்ரின் ஷா மணிக்கணக்கில் காத்திருந்து, பிற்பகலில்தான் உரையாற்ற முடிந்தது. பார்க்கக்கூடாததைப் பார்த்த நாள் அது. கட்சி எதுவானாலும் சரி, சட்டமன்றத்துக்குள் சீருடையும் சாதா உடையும் நுழைந்து அங்கியைப் பிடித்து இழுக்கும் காட்சியை எந்த மாநிலத்துக்கும் விரும்பமாட்டோம்.

நீதிமன்றத்து மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மே 11இல் உயர் நீதிமன்றம், நிஸாரே மந்திரி பெசார், சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால்தான் அவரை நீக்கலாம் என்றது. மறுநாளே தடை. மே 22இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2010 பிப்ரவரி 9இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக ஜம்ரி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மை போய்விட்டது என்பதைச் சபையில் ஓட்டெடுத்துத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை, வேறு வழியிலும் தெரிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

சிவகுமார் அதற்குப் பிறகும் 2013 வரை துரோனோவின் உறுப்பினராக, எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 2013, 2018, 2022 மூன்று பொதுத் தேர்தலிலும் பத்து காஜாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 டிசம்பரிலிருந்து ஓராண்டு மனிதவள அமைச்சர். அவருக்கு முன்னே 2018இலிருந்து 2020 வரை அதே பதவியில் இருந்த குலசேகரனும் ஈப்போ பாராட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்தான். தொழிலாளர் அமைச்சைப் பேராக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அமைச்சராக அவர்கள் நமக்குச் செய்ததையும் செய்யாததையும் தனியாக ஒரு நாள் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே பேச்சு சட்டமன்றத்தைப் பற்றியது.

அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம்

சரி, நமக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு இப்போது வருவோம்.

கிந்தா பக்கத்தில் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். நாம் அங்கே சங்க வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். ஒருநாள் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: தோட்டம் விற்றாகிவிட்டது, இத்தனாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நஷ்ட ஈட்டுக் கணக்கை நாம் பேசினோம், சட்டப்படி வர வேண்டிய பணம் வந்தது. வீட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது, நிலத்தை வீடமைப்புக்கு மாற்றும் மனு மாநிலத்தில் எப்போதோ ஒப்புதலாகிவிட்டது. ஒப்புதல் கொடுக்கும்போது, "இங்கே குடியிருக்கிற தொழிலாளிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்" என்று ஒரு நிபந்தனை எழுதியிருக்கலாம். மாநில அரசாங்கத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. யாரும் எழுதவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கோயிலுக்கு மட்டும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள், அதுவும் ஓடை ஓரத்தில்.

"நம்ம ஒய்.பி.க்கு இது தெரியாதாய்யா?" என்று ஓர் அம்மா கேட்டார். முப்பது வருஷத்துக்குமேல் பால் வெட்டியவர். பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் சபையில் எழுந்து, "இந்த நிலத்தில் இத்தனை குடும்பம் இருக்கிறதே, அவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று எழுத்து மூலம் ஒரு கேள்வி போட்டால், அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். அதிகாரி கோப்பை எடுக்க வேண்டும், தேடிப் பார்க்க வேண்டும், பதில் தயாரிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்து வேலை. மாலை போட்டுக்கொள்ள வருகிற நேரத்தைவிடக் குறைவு.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் நாம் ஆள் அனுப்புகிறோம். அந்த ஆள் நடுவில் வேறு பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால், கேள்வி யாரிடம் இருக்கும்? மரத்தடிக்கும் நாற்காலிக்கும் நடந்த சண்டையெல்லாம் கட்சிக்காரர்களுக்குப் பதவிச் சண்டையாக இருந்திருக்கலாம். லயத்து வீட்டுக்காரனுக்கு அது, தான் கொடுத்த ஓட்டு யார் பையில் இருக்கிறது என்ற கேள்வி.

இதில் எந்தக் கட்சிக்கும் நற்சான்றிதழ் கிடையாது. 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பானுக்கு 29 இடம், தேசிய முன்னணிக்கு 27, பாஸுக்கு 3. பெரும்பான்மைக்கு 30 வேண்டும். தேசிய முன்னணியிலிருந்து இருவர் வந்து ஆதரவு தந்ததால்தான் ஆட்சி அமைந்தது. அப்போது யாரும் மரத்தடிக்குப் போகவில்லை, தாவல் தப்பு என்று சொல்லவுமில்லை! 2020 மார்ச்சில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. அப்போது ஜ.செ.க.வை விட்டுப் போன இருவரில் ஒருவர் சிவகுமார் இருந்த அதே துரோனோவின் உறுப்பினர். மற்றொருவர் புந்தோங் உறுப்பினர். மாநிலத்திலேயே இந்திய வாக்காளர்கள் அதிகம் திரண்டிருக்கும் தொகுதிகளில் ஒன்று புந்தோங். தோட்டத்திலிருந்து வந்து வாடகை வீட்டில் குடியேறியவர்களின் ஓட்டு அது.

அதே ஆண்டு டிசம்பர் 4இல் மந்திரி பெசார் அகமட் பைசால் சபையிலேயே நம்பிக்கை ஓட்டுக் கேட்டார். ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத ஓட்டு 1. போலீஸ் வரவில்லை, அங்கி கிழியவில்லை, அன்றைக்கு வேலை முடிந்தது. 2009இலும் இப்படி ஓர் ஓட்டெடுப்பை முதல் நாளே வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2022 ஜூலை 28இல் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 5இல் அமலுக்கு வந்தது. ஒரு கட்சியின் பேரில் ஜெயித்து இன்னொரு பக்கம் போனால் இடம் காலி, இடைத்தேர்தல். மாநிலங்களும் தத்தம் அரசமைப்பில் அதே விதியைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: கட்சியே மொத்தமாக அணி மாறினால் அது தாவல் ஆகாது, உறுப்பினரைக் கட்சி விலக்கினாலும் அவர் இடம் போகாது. 2022 நவம்பர் தேர்தலில் பேராக்கில் பெரிக்காத்தான் 26, ஹராப்பான் 24, தேசிய முன்னணி 9. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பிரசாரம் செய்த ஹராப்பானும் தேசிய முன்னணியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. 9 பேர் இருந்த பக்கத்துக்கு மந்திரி பெசார் பதவி போனது. சுங்கை தொகுதியின் சிவநேசன் ஆட்சிக்குழுவில் இடம் பெற்று மனிதவளமும் இந்தியர் நலனும் பார்க்கும் பொறுப்பேற்றார்.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கின்றன. உங்கள் தோட்டத்துப் பள்ளி, கோயில், சுடுகாடு, லயம் ஆகியவை எந்த லாட்டு நம்பரில் இருக்கின்றன, நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஓர் ஆளை நில அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்த்து எழுதி வையுங்கள். கட்டணம் கட்டினால் தேடிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று சங்கக் கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும். இன்னொன்றைத் தொகுதி ஒய்.பி.யின் சேவை மையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.